சிவப்பு எரிந்தால் சுடலாம்: ஒரகடத்தில் லீவர் துப்பாக்கி தேடிய ஒரு ஞாயிறு

கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். தணியவில்லை. இப்படியே எழுதிவிடுகிறேன். வழி, நேரம், கட்டணம் எல்லாம் இதில் உண்டு. போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் ஒரு லீவர் துப்பாக்கி. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: எனக்கு ரிவால்வர் பிடிக்கும், லீவர் துப்பாக்கி பிடிக்கும். மற்ற வகைகள்மேல் பெரிய ஆசையில்லை. வேட்டை பிடிக்காது. வீரம் பற்றிய பேச்சு அதைவிடப் பிடிக்காது. பத்து மீட்டர் தள்ளி ஒரு தகரத் தகடு 'டிங்' என்று மடங்கி விழ வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் இந்த இரண்டும்? எதையும் ஒளிக்காதவை. ரிவால்வரின் உருளையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஆறு துளை. நிரம்பியிருக்கிறதா, காலியா என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். லீவர் துப்பாக்கியில் விசைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் அடுத்த குண்டு உள்ளே போகும். தள்ளியபடியே விட்டுவைத்தால் சுடாது. அறையின் மறுகோடியில் இருப்பவருக்கும் அது சுடாது என்று தெரியும். ஒரு குண்டு. கைக்கு ஒரு வேலை. யோசிக்கக் கொஞ்சம் இடம். பிறகு அடுத்த குண்டு. அந்த இடத்துக்காகத்தான் நான் சுடுகிறேன். தானாக ஓடும் எதிலும் அது கிடைப்பதில்லை.

உண்மையான ரிவால்வருக்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் காரணம் வேண்டும். பிடித்திருக்கிறது என்பதைக் காரணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது காற்றுத் துப்பாக்கி. விரல் நீளக் கேஸ் குப்பி ஒன்றைக் கைப்பிடிக்குள் பொருத்தினால் 4.5 மில்லிமீட்டர் குண்டைத் தள்ளும். உரிமம் கேட்காத அளவு சக்தி. ஆனால் பொம்மை இல்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

ஒரகடம் பக்கம் பழைய கிடங்கு ஒன்றில் ஒருவர் சுடுகளம் நடத்துகிறார் என்று எங்கள் குழுவில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். ரிவால்வர் நான்கு, லீவர் வகை இரண்டு. ஞாயிறு மதியம் லீவர் துப்பாக்கிக்கென்றே ஒரு போட்டி. வெளியாட்களும் கலந்துகொள்ளலாம். எனக்கு அந்த வாரம் முழுக்க வேறு எண்ணமே ஓடவில்லை.

தாம்பரத்தில் காலை ஏழு பத்துக்குச் செங்கல்பட்டு ரயில். பத்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிறைய நேரம் காத்திருக்க வேண்டும். மறைமலை நகரில் பாதிப் பெட்டி இறங்கியது. எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமையிலும். முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில். ஸ்டேஷனுக்கு வெளியே பொங்கலும் வடையும் நாற்பத்தைந்து ரூபாய். பொங்கல் சுமார், வடை நன்றாக இருந்தது.

அங்கிருந்து ஒரகடம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் நாற்பது ரூபாய். இந்தச் சாலையில் ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனிம்மா?”

“கம்பெனி இல்லண்ணா. துப்பாக்கி சுடற எடம் ஒண்ணு இருக்காமே.”

“போலீசா நீ?”

“இல்ல. சும்மா சுடறதுக்கு.”

“யாரை?”

“தகட்டை.”

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “தகட்ட இன்னாத்துக்கு சுடணும்? கையால தட்னா வுழாதா?” பின்சீட்டில் இருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது ஷேர் ஆட்டோவில் சொல்லக்கூடிய நீளத்தில் இல்லை.

ஒரகடம் கூட்டுச்சாலையில் இறங்கி வேறு ஆட்டோ. நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய், பேரம் படியவில்லை. பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ்ஸில் வந்து இங்கே மாறலாம். அதுவும் ஏறக்குறைய இதே தூரம்தான். வழி முழுக்கக் கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் வெட்டிவிட்ட புல். புல்லுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத நீளக் கட்டடங்கள். நடுவில் எங்கோ ஓர் ஏரி, அதற்கும் வேலி.

களத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உரிமையாளரைத் தாமோதரன் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் வீடு. பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து, விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் இதைத் தொடங்கியிருக்கிறார். தொழிற்சாலையை அவர் முழுதாக விட்டு வரவில்லை. தரையில் மஞ்சள் கோடு. சுவரில் கருவிகளின் நிழல் வரைந்த பலகை. ஒவ்வொரு ஆணிக்கும் பெயர்ச் சீட்டு. கிடங்கின் ஒரு முனையில் சுடுபவர்களுக்கு ஐந்து மேஜை. மறுமுனையில் இரும்புச் சட்டங்களில் தகடுகள். தகடுகளுக்கு அருகிலேயே பக்கவாட்டில் ஒரு கதவு, அது பின்புறக் குழாயடிக்குத் திறக்கும். அந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டைத் திறந்துவிட்டது ஒரு பெண். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. நீல நிறக் கம்பெனி சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தாள். விரலெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.

“நீங்க இங்க ஸ்டாஃபா?” என்றேன்.

“நான் ஷூட்டர்,” என்றாள். “பெயின்ட்ட பாத்து கேக்குறீயா? இது நாஷ்டா துண்றதுக்கு முன்னாடி செய்யற வேலை.”

பெயர் ஜெயந்தி. பக்கத்து ஊர். வயர் கட்டும் கம்பெனியில் ஐந்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வந்து தகடுகளுக்குப் பெயின்ட் அடிப்பாள். விழுந்ததை நிமிர்த்தி வைப்பாள், சிதறிய குண்டுகளைக் கூட்டி அள்ளுவாள். அதற்குக் கூலி கிடையாது. பதிலாக முப்பது குண்டு சுட்டுக்கொள்ளலாம். அன்றைக்கு மதியப் போட்டியிலும் அவள் இருந்தாள். அதற்காக ஞாயிறு ஓ.டி.யை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

“எங்க லைன் லீடர் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறான். இன்னா பங்ஷனான்னு கேட்டான். மேட்ச்னு சொன்னேன். கிரிக்கெட்டான்னான். இல்ல, துப்பாக்கின்னேன். அதுக்கப்புறம் அவன் எங்கிட்ட குரல ஒசத்துறது இல்ல.”

போட்டியில் ஜெயிப்பவருக்கு ஒரு வருட உறுப்பினர் கட்டணம் இலவசம். எனக்கு அது ஒரு தள்ளுபடி. அவளுக்கு அப்படி இல்லை. உறுப்பினர் ஆகிவிட்டால் பெயின்ட் வேண்டாம், தகடு வேண்டாம். மேஜை இருக்கும் பக்கத்தில் மற்றவர்களோடு நிற்கலாம். அதை அவள் என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்: “ஜெயிச்சா இந்த பிரஷ்ஷ அவராண்டயே குட்த்துடுவேன்.”

வெளியாட்களுக்குக் கட்டணம் அறுநூறு, அறுபது குண்டு. போட்டிக்குத் தனியாக இருநூற்றைம்பது. அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி அவர்களே தருவார்கள். சுடுபவர்களுக்கு.

காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை நான் மகிழ்ச்சியாக இருந்தேன். இதையும் எழுதியாக வேண்டும். முதலில் ரிவால்வர். தோட்டா வடிவில் இருக்கும் ஒவ்வொரு உலோக உறையின் அடியிலும் ஒரு குண்டை விரலால் அழுத்திப் பொருத்தி, ஆறையும் உருளைக்குள் போட்டு மூடும்போது ஒரு சத்தம் வரும். நல்ல அலமாரிக் கதவு மூடுகிற சத்தம். துப்பாக்கியின் பின்தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னே இழுத்தால் விசை லேசாகிவிடும், மூச்சு விட்டாலே போதும் என்பது போல. ஆறில் நான்கு விழுந்தது. பிறகு லீவர். நான் தேடி வந்தது. மரப்பிடி, நீளக் குழல். வளையத்தைக் கீழே தள்ளினால் பித்தளை நிறத்து உறை வலப்பக்கம் துள்ளி மேஜையில் விழுந்து உருளும். மேலே இழுத்தால் அடுத்தது தயார். கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். கன்னத்தை எடுத்தால் குறி போய்விடும். முதல் பத்துக் குண்டும் கன்னத்தை எடுத்து எடுத்து வீணானது.

பக்கத்து மேஜையில் ஜெயந்தி தன் முப்பதைச் சுட்டாள். கன்னம் அசையவே இல்லை. கை மட்டும் தனியாக ஒரு வேலை பார்த்தது. தள்ளு, இழு, டிங். தள்ளு, இழு, டிங். ஐந்து தகடு, ஐந்து குண்டு. திரும்பி என்னைப் பார்த்து, “உனுக்கு கொசு கடிக்குதாக்கா? தலைய ஆட்டிகினே கீறே,” என்றாள்.

மேஜையில் உருண்ட உறைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆறாவது மேஜை என்று ஒன்று இருந்திருந்தால் அன்று முழுக்க அங்கேயே குடியிருந்திருப்பேன். நினைத்துப் பார்த்தால் அந்த இரண்டு மணி நேரமும் ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் எளிமையானது. தாமோதரன் வாயால் கத்தினார். “வைங்க” என்றால் எல்லோரும் துப்பாக்கியை வைத்தோம். “போலாம்” என்றால் ஜெயந்தி போய்த் தகடுகளை நிமிர்த்தினாள். அவ்வளவுதான் விதி. யாருக்கும் குழப்பமில்லை.

பதினொன்றரைக்கு விளக்கு வந்தது.

தொழிற்சாலை இயந்திரங்களின் தலையில் நிற்குமே, சிவப்பு மஞ்சள் பச்சை என்று அடுக்கிய விளக்குத் தூண், அது. காயலான் கடையில் எடுத்ததாம். எலக்ட்ரீஷியன் கம்பியை இணைத்து முடித்ததும் தாமோதரன் எங்களை உட்காரவைத்து விளக்கினார். எங்களை என்றால், வெளியிலிருந்து பணம் கட்டி வந்த ஐந்து பேரை. “சிவப்பு எரிஞ்சா ஃபயரிங் நடக்குது. யாரும் மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. பச்சை எரிஞ்சா துப்பாக்கிய வெச்சிட்டு தகடு பாக்கப் போலாம்.” உறுப்பினர்களுக்கு முந்தின நாளே வாட்ஸாப் குழுவில் அனுப்பிவிட்டாராம். ஜெயந்தி உறுப்பினர் இல்லை. குழுவில் இல்லை. பணம் கட்டிய விருந்தாளியும் இல்லை. அவள் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சுற்று. ஐந்து மேஜையிலும் ஆள். ஒன்று, நான்கு, ஐந்தில் உறுப்பினர்கள், மூன்று பேருமே தொழிற்சாலைக்காரர்கள். இரண்டில் சென்னையிலிருந்து நண்பர்களோடு வந்திருந்த ஒருவர், வெள்ளைக் காலணி, ரிவால்வர். மூன்றில் நான், லீவர். சிவப்பு எரிந்தது.

யாரும் சுடவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. ஓர் அமைதி. நான் கடைசி உறையைத் திணித்துக்கொண்டிருந்தேன், வளையம் கீழே தொங்கியது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஜெயந்தி புதுத் தகடு ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்தபடி உள்ளே வந்தாள். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நேராக இரண்டாவது மேஜைக்கு எதிரே இருந்த சட்டத்துக்கு நடந்தாள். கண்ணாடி போடவில்லை. அவளுக்கு யாரும் தந்ததில்லை.

வெள்ளைக் காலணிக்காரர் ஒரு கண்ணை மூடியிருந்தார். சுத்தியல் பின்னே இழுபட்டிருந்தது. நான் “நிறுத்துங்க” என்று கத்தியதும் சுத்தியல் விழுந்ததும் ஒன்றாக நடந்தது.

டிங்.

அவள் மார்போடு பிடித்திருந்த தகட்டில் பட்டது.

கொஞ்ச நேரம் அவள் தகட்டையே பார்த்தாள். வெள்ளைப் பெயின்டில் ஒரு சாம்பல் புள்ளி. தொண்டைக்கு அரைச் சாண் கீழே. பிறகு தலையைத் தூக்கினாள். “யோவ், லைன் நிக்குது. இன்னாத்துக்கு சுடறே?”

தாமோதரன் ஓடிவந்தார். “சிவப்பு எரியுதே, பாக்கல?”

“பாத்தேன் சார்.”

“பாத்துட்டு எதுக்கு உள்ள போனே?”

“சிவப்பு எரியுதுன்னுதான் சார் போனேன்.”

எனக்கு அந்தப் பதில் புரியவே சில நொடிகள் ஆனது. இந்தச் சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் அந்த நொடிகள்கூடத் தேவையில்லை. தொழிற்சாலையில் பச்சை என்றால் லைன் ஓடுகிறது, கையை உள்ளே விடாதே. சிவப்பு என்றால் லைன் நின்றுவிட்டது, உள்ளே போய்ச் சரிசெய். ஐந்து வருடமாக, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ முறை, அவள் சிவப்பைப் பார்த்ததும் உள்ளே போகிறவள். போகாவிட்டால்தான் திட்டு விழும். அந்த அமைதிக்கும் காரணம் அதுதான். ஒன்றாம் மேஜையில் நின்ற கார்த்திக் பிறகு சொன்னார்: “சிவப்ப பாத்ததும் என் கை தானா எறங்கிடுச்சுங்க. அப்புறம்தான் வாட்ஸாப் ஞாபகம் வந்துச்சு.” மூன்று உறுப்பினர்களின் கையும் தானாக இறங்கியிருக்கிறது. அவள் கேட்டது நின்றுபோன லைனின் சத்தத்தை. துப்பாக்கியைத் தூக்கியவர் அந்த விளக்கின் கீழ் ஒருநாளும் வேலை செய்யாத ஒருவர் மட்டும்.

வெள்ளைக் காலணிக்காரரின்மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னபடி செய்தார். துப்பாக்கியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் வந்தது. டீ வந்தது. தாமோதரன் அவர் தோளைத் தட்டி, “சாரி சார், ஒண்ணும் ஆகல சார், பயந்துட்டீங்களா?” என்றார். ஜெயந்தி இன்னும் தகட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் தாமோதரன் அவள் பக்கம் திரும்பி இதைச் சொன்னார்:

“இன்னியிலேர்ந்து நீ கன்னைத் தொடக் கூடாது. முடிஞ்சுது.”

“சார், மத்தியானம் மேட்ச்சு சார்.”

“மேட்ச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேஃப்டினா சேஃப்டி.”

“எனுக்கு யாரு சார் சொன்னா? சிவப்புனா சுடறதுன்னு யாரு சொன்னா?”

“சொன்னாத்தான் தெரியுமா? உலகத்துல எல்லாருக்கும் சிவப்புனா டேஞ்சர்.”

நான் இடையில் போனேன். போகாமல் இருந்திருக்க முடியாது. “நீங்க பதினெட்டு வருஷம் இதே விளக்குக்குக் கீழதான வேலை பாத்தீங்க? அங்க சிவப்புக்கு என்ன அர்த்தம்?”

“இது ஃபேக்டரி இல்ல மேடம். இன்டர்நேஷனல் ரூல்.”

நான் மேடம். வெள்ளைக் காலணிக்காரர் சார். அவள் நீ. அந்தக் கிடங்கில் எல்லாவற்றுக்கும் பெயர்ச் சீட்டு இருந்தது என்றேனே.

நான் ரூலை எதிர்க்கவில்லை. எந்த உள்ளரங்கச் சுடுகளத்திலும் சிவப்பு என்றால் சுடுகிறார்கள் என்பதுதான் வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கத்தை, அதற்கு நேர்மாறான வழக்கத்தில் வாழும் ஊரின் நடுவே, அதே ஊரின் காயலான் கடையில் வாங்கிய விளக்கில் மாட்டிவிட்டு, குண்டு வந்து விழும் பக்கத்தில் நிற்கிற ஒரே ஆளிடம் சொல்லாமல் விடுவது மறதி என்று என்னால் நம்ப முடியவில்லை. ஐந்து விருந்தாளிகளை அவர் மறக்கவில்லை. குழுவை மறக்கவில்லை. அவள் ஞாபகத்துக்கு வர வேண்டிய இடத்திலேயே இருந்ததில்லை.

மதியச் சாப்பாடு அங்கேயே பொட்டலம், எண்பது ரூபாய். நான் சாப்பிடவில்லை. அந்த நேரத்தில் தாமோதரன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். விளக்குத் தூணின் மூடியைக் கழற்றி, கம்பிகளை மாற்றினார். இருபது நிமிட வேலை. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் சொன்னார்: “இனிமே பச்சைனா ஃபயரிங். சிவப்புனா ஸ்டாப். நம்ம ஆளுங்களுக்கு ஈசியா இருக்கும்.”

“அப்ப அவ மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சு,” என்றேன்.

“அது வேற, இது வேற மேடம்.”

இந்த ஐந்து சொற்களை மூன்று வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். விளக்கு தவறு, திருத்தியாயிற்று. விளக்கை நம்பியவளுக்குத் தண்டனை, அது அப்படியே இருக்கும்.

இரண்டரைக்குப் போட்டி. என் பெயர் வந்ததும் என் இடத்தை ஜெயந்திக்குக் கொடுப்பதாகச் சொன்னேன். மாற்ற முடியாது என்றார் தாமோதரன். வாசலில் நின்றிருந்த ஜெயந்தி அங்கிருந்தே அதட்டினாள். “இருநூத்தம்பது ரூபா கட்டிகீறே இல்ல? போய் சுடுக்கா. எனுக்காக நீ இன்னாத்துக்கு சும்மா நிக்கற?” போனேன். மூன்று குண்டு சுட்டேன். மூன்றும் பின்சுவரில். கோபம் கையில் இருந்தால் குறி நிற்காது. அதில் பெருமை ஒன்றுமில்லை. நான்காவதற்கு வளையத்தைக் கீழே தள்ளினேன், மேலே இழுக்கவில்லை. அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கார்த்திக் மட்டும் ஒருமுறை முனகினார்: “ஜெயந்தி இல்லாம மேட்ச்சு என்னா சார் மேட்ச்சு? கேரம் ஆடுன மாதிரி கீது.” மற்றவர்கள் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவரும் தொடரவில்லை. அவர்தான் ஜெயித்தார். கைதட்டினார்கள். கேரத்தை நிறுத்தியிருக்கலாம் அவர். ஐந்து பேரில் மூன்று பேர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டிருந்தால் போட்டியே இல்லை. லைனை நிறுத்துவது எப்படி என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். ஜெயந்தி தன் ஸ்கூட்டரில் என்னைக் கூட்டுச்சாலை வரை கொண்டுவிடுவதாகச் சொன்னாள். வண்டியை உதைத்துக் கிளப்பும்போது தாமோதரன் கேட்டருகே வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை எட்டுக்கு வந்துடு. ரெண்டு தகடு நெளிஞ்சிருக்கு, மாத்தணும்.”

ஜெயந்தி வண்டியை அணைத்தாள். “கன்னு தொடலாமா சார்?”

“அதான் சொன்னேனே. அது கெடையாது. கூலி வேணா பாத்து தரேன்.”

“அப்ப நான் எங்க சார் நிக்கணும்?”

“எப்பவும் நிக்கற எடத்துலதான்.”

எப்பவும் நிக்கற இடம். குண்டு வந்து விழும் இடம். துப்பாக்கிக்கு இந்தப் பக்கம் நிற்பதுதான் அவளுக்கு ஆபத்தாம். அந்தப் பக்கம் நிற்கலாமாம். பாதுகாப்புக் குறைவு என்று அவளைத் தடுத்தது பாதுகாப்பான பக்கத்திலிருந்து மட்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். குரல் உயரவே இல்லை.

“அடுத்த வாரம் அங்க நீங்க நில்லுங்க சார். நான் இங்க நிக்கறேன். பச்சை எரிய உடுங்க. அப்புறம் கூலி பேசலாம்.”

தாமோதரன் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். ஜெயந்தி தன் சட்டைப் பையிலிருந்த பிரஷ்ஷை எடுத்து கேட்டுக் கம்பியில் செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கூட்டுச்சாலை வந்தது. இறங்கும்போது, “வேற எங்கனா லீவரு கீதாக்கா?” என்றாள். தெரியவில்லை என்றேன். “பாத்து சொல்லு. எனுக்கு அந்த சத்தம் புட்சிருக்கு.”

அவள் திரும்பப் போகவில்லை. நானும் போகவில்லை. மூன்று வாரமாக விசாரிக்கிறேன். சென்னைக்குள் இருக்கும் களங்களில் ரைஃபிள் இருக்கிறது, பிஸ்டல் இருக்கிறது. லீவர் இல்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். இரண்டு பேர் வருவோம்.

அங்கே போகத்தான் போகிறீர்கள் என்றால், சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் தகரக் கூரை கொதிக்கும். கேஸ் குப்பி சூட்டில் வேகம் கூட்டும், குறி கொஞ்சம் மேலே போகும். லீவரில் கன்னத்தை எடுக்காதீர்கள். சொந்தக் கண்ணாடி இருந்தால் கொண்டுபோங்கள், இரண்டாக. திரும்பும்போது ஐந்தரைக்கு மேல் ஷேர் ஆட்டோக்கள் ஷிஃப்ட் முடிந்தவர்களால் நிரம்பிவிடும், முன்பே கிளம்புங்கள். மொத்தச் செலவு, சாப்பாடும் போட்டியும் சேர்த்து, ஆயிரத்து முந்நூறுக்குள் அடங்கும்.

இன்னொன்று. எந்தச் சுடுகளமாக இருந்தாலும், துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் தகடு வைப்பவர் யார் என்று கேளுங்கள். உரிமையாளர் விளக்கைப் பற்றிச் சொன்னதை நம்பிவிடாமல், தகடு வைப்பவரிடம் போய் அது எரிந்தால் என்ன அர்த்தம் என்று நீங்களே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இல்லையென்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

அந்த இரண்டு மணி நேரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மரத்தின் வழவழப்பு, உறை துள்ளும் சத்தம், அடுத்த குண்டுக்கு முன்னால் கிடைக்கும் அந்த இடம். இப்போது அந்த இடத்தில் ஒரு நீலச் சட்டை நடந்து வருகிறது. ஒவ்வொரு முறையும்.